நீல் சிலையும் லெனின் சிலையும்

(தாம்பரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)

சென்ற வகுப்பு முடிந்து எல்லோரும் டீக்கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு வாலிபத் தோழர் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "மவுண்ட் ரோட்டில் இருந்த வெள்ளைக்காரன் சிலையை எடுத்தது சரி என்கிறீர்கள். திரிபுராவில் லெனின் சிலையை இடித்தது தவறு என்கிறீர்கள். நமக்கு வேண்டாத சிலை போகலாம், வேண்டிய சிலை நிற்கலாம் என்றால் அது என்ன நியாயம், தோழர்?"

பக்கத்திலிருந்த சிலருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்துக்கு அதில் ஒன்றுமில்லை. நல்ல கேள்வி. எதிராளி நாளைக்கு மேடையில் கேட்கப்போகும் கேள்வியை நம் தோழர் இன்றைக்கே கேட்டுவிட்டார். அதற்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டால் கொடி பிடிக்க நமக்கு யோக்கியதை இல்லை. ஆகவே இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். தெருவில் நிற்கும் கொடியும் சிலையும் எப்போது நிற்கலாம்? எப்போது போக வேண்டும்? அதை யார், எப்படித் தீர்மானிப்பது?

நாம் போகும் சாலை

தாம்பரத்தில் பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போகும் தோழர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதலில் குரோம்பேட்டை வருகிறது. அது என்ன பெயர்? அங்கே இருந்த குரோம் லெதர் என்ற தோல் கம்பெனியின் பெயர். கம்பெனி போய்விட்டது, பெயர் ஊருக்கே நிலைத்துவிட்டது. அந்தத் தோல் தொட்டிகளில் கையும் காலும் வெந்துபோக உழைத்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலாவது இருக்கிறதா? இல்லை. அப்புறம் பல்லாவரம், பரங்கிமலை. வெள்ளைக்காரன் பட்டாளம் போட்ட இடங்கள். கத்திப்பாராவில் நேருஜி நிற்கிறார். அண்ணா சாலையில் திரும்பினால் சிம்சன் அருகே பெரியார் நிற்கிறார். தீவுத்திடலை ஒட்டிக் குதிரைமேல் மன்றோ துரை உட்கார்ந்திருக்கிறார். கடற்கரைக்குப் போனால்தான் நம்மவர்கள் நான்கு பேர் பாறையைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959இல் நிறுவிய உழைப்பாளர் சிலை அது.

ஆக, சாலை என்பது வெறும் தார் அல்ல. யார் பெரியவர், யார் சொல்லுக்கு மதிப்பு என்று அது ஒவ்வொரு நாளும் நமக்குப் பாடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பாடத்தையாவது பரீட்சை முடிந்ததும் மறந்துவிடலாம். தெருவில் நிற்கும் பாடத்தை மறக்க முடியாது. வேலைக்குப் போகும்போதும் பார்க்கிறோம், ஷிப்டு முடிந்து திரும்பும்போதும் பார்க்கிறோம்.

இதே சாலையில், ஸ்பென்சர் அருகே, ஒரு காலத்தில் இன்னொரு சிலை நின்றது. ஜேம்ஸ் நீல் என்ற வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரியின் சிலை.

யார் இந்த நீல்?

1857இல் வடநாட்டில் சிப்பாய்களும் விவசாயிகளும் கும்பினி ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள். அதை அடக்கச் சென்னையிலிருந்து கப்பலேறிய வெள்ளைப் பட்டாளத்துக்குத் தலைவனாகப் போனவன் நீல். காசி, அலகாபாத் வழியாக அவன் போன பாதையில் கிராமங்கள் எரிந்தன. மரங்களில் மனிதர்கள் தொங்கினார்கள். சிப்பாய் யார், விவசாயி யார் என்ற விசாரணையே இல்லை. கான்பூரில் பிடிபட்டவர்களை, தரையில் உறைந்து கிடந்த ரத்தத்தைத் துடைக்கச் சொன்னான். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. துடைத்த பிறகு தூக்கு. சாவதற்கு முன் மனிதனின் மானத்தையும் பறிக்க வேண்டும் என்பது அவன் கணக்கு.

கான்பூரில் ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்களே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். அது கொடுமை, அதற்கு நாம் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் அது நடந்தது 1857 ஜூலை மத்தியில். அலகாபாத்தில் நீல் கட்டிய தூக்கு மரங்கள் ஜூன் மாதத்திலேயே ஆடிக்கொண்டிருந்தன. பழிக்குப் பழி என்ற சமாதானம் அங்கே செல்லாது.

அந்த வருஷம் செப்டம்பர் 25ஆம் தேதி லக்னோ சண்டையில் நீல் குண்டடிபட்டுச் செத்தான். சில வருஷங்களுக்குள் சென்னையின் பெரிய சாலையில் அவனுக்குச் சிலை வந்துவிட்டது. சிலையை வைத்தவர்கள் செத்துப்போன மனிதனுக்கு மரியாதை செய்ய மட்டும் வைக்கவில்லை. "எழுந்தால் இதுதான் கதி" என்று உயிரோடிருப்பவர்களுக்குச் சொல்லவும் வைத்தார்கள். அந்தச் சாலையில் மூட்டை சுமந்த கூலிக்காரன் எழுபது வருஷங்களுக்கு மேல் அந்த மிரட்டலின் கீழேதான் நடந்தான்.

பத்து வருஷப் போராட்டம்

1927இல் வாலிபர்கள் கிளம்பினார்கள். சோமயாஜுலு முன்னின்றார். சுத்தியலும் கோடாரியும் ஏணியுமாகச் சிலையிடம் போவார்கள், இரண்டு அடி அடிப்பார்கள், போலீஸ் பிடிக்கும், ஓடமாட்டார்கள். கோர்ட்டில் "ஆம், அடித்தோம், காரணம் இது" என்று சொல்லிவிட்டுச் சிறைக்குப் போவார்கள். மறுநாள் அடுத்தவர்கள் வருவார்கள். பின்னாளில் முதன்மந்திரியான காமராஜர் அப்போது விருதுநகர் வாலிபர்; அவரும் இந்தப் போராட்டத்துக்கு ஆள் திரட்டினார்.

கடலூரிலிருந்து நெசவாளர் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் வந்தார். அஞ்சலை அம்மாள். தனியாக வரவில்லை, சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துக்கொண்டு வந்தார். தாயும் பிள்ளையுமாகச் சிறைக்குப் போனார்கள். காந்தியடிகள் அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயரிட்டு, தம் ஆசிரமத்துக்கு அழைத்துப் போனார். பட்டணத்துச் சிலைக்கும் கடலூர் தறிக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தத் தாய் கேட்டுக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை.

அந்த வருஷம் சிலை போகவில்லை. சட்டசபையில் பேசியும் சர்க்கார் அசையவில்லை. 1937இல் ராஜாஜி மந்திரிசபை வந்தபிறகுதான், நகரசபையும் தீர்மானம் போட்டு, சிலை தெருவிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்து என்ன செய்தார்கள்? உடைத்துக் கூவத்தில் போட்டார்களா? இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.

இதைக் கவனியுங்கள், தோழர்களே. பத்து வருஷம் ஜனங்களிடம் பேசினார்கள். தங்கள் பெயரைச் சொல்லிச் சிறை சென்றார்கள். எதிராளியின் உடம்பில் கை வைக்கவில்லை. கடைசியில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபையில் முடிவு செய்து எடுத்தார்கள். எடுத்த பொருளையும் அழிக்கவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். அதே சாலைக் கோடியில் மன்றோ துரை குதிரைமேல் இருந்தாரே, போராட்டம் அவருக்கு எதிராக நடக்கவில்லை. அவரும் வெள்ளைக்காரர்தான், கும்பினியின் கவர்னர்தான். ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தவர். அந்த முறையில் பட்டாதாரனுக்கு ஒரு இடம் கிடைத்தது. பண்ணையாளுக்கு எந்த இடமும் கிடைக்கவில்லை. அதை நாம் விமர்சிக்கிறோம். ஆனால் ஒருவர் கொள்கையை விமர்சிப்பது வேறு. படுகொலைக்கு நட்ட வெற்றிக்கம்பத்தை நம் தெருவில் சகித்துக்கொள்வது வேறு. நீல் வெள்ளைக்காரன் என்பதற்காக இறக்கப்படவில்லை. செய்த காரியத்துக்காக இறக்கப்பட்டான்.

எப்போது நட்டார்கள் என்று பாருங்கள்

இந்தப் பிரச்னை நம் ஊரோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் அடிமை முறையைக் காப்பாற்றத் தென் மாகாணங்கள் தனிக்கொடி பிடித்துப் போர் செய்தன. 1865இல் தோற்றன. தென் கரோலினா மாகாணத்துச் சட்டசபைக் கட்டடத்தின் மேல் அந்தக் கொடி எப்போது ஏறியது தெரியுமா? 1961இல்! போர் முடிந்து 96 வருஷங்கள் கழித்து. "எங்கள் பாட்டனாரின் நினைவு" என்றார்கள். பாட்டனார் நினைவு அத்தனை வருஷம் எங்கே தூங்கிக்கொண்டிருந்தது? கறுப்பு மக்கள் ஓட்டுரிமை கேட்டு, சமமாக உட்கார உரிமை கேட்டுத் தெருவுக்கு வந்த அதே நேரத்தில் அந்தக் கொடி ஏறியது. சரித்திரத்தை நினைவுபடுத்துவதாகச் சொல்லி, எதிரே நிற்கும் கறுப்பனை மிரட்டினார்கள்.

2015 ஜூன் மாதம் அந்த மாகாணத்தின் சார்ல்ஸ்டன் நகரத்தில், மாதா கோயிலில் ஜெபம் செய்துகொண்டிருந்த 9 கறுப்பு மக்களை ஒரு வெள்ளை வெறியன் சுட்டுக் கொன்றான். அவன் அந்தக் கொடியோடு எடுத்துக்கொண்ட படங்கள் வெளியாயின. ஜூலை 10ஆம் தேதி, சட்டசபையே ஓட்டெடுத்து அந்தக் கொடியை இறக்கியது. 9 உயிர் போக வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு கொடி முன்னால் நின்றால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எவ்வளவு பழையது?" என்பதல்ல. யார் நட்டார்கள், எப்போது நட்டார்கள், அப்போது எதிரே யார் நின்றார்கள்? இந்த மூன்றையும் கேளுங்கள். கொடியின் அர்த்தம் தானாக வெளியே வரும்.

வெண்மணியில் கேட்டது

படப்பை, மணிமங்கலம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இதை நாம் விளக்கவே வேண்டாம். தஞ்சைத் தரணியில் பண்ணையாளுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்த காலத்தில், தோழர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரிக்குச் சேரி நடந்து செங்கொடியை ஏற்றிவைத்தார்கள். அது மூங்கிலில் கட்டிய முழத்துணி. அது வந்த பிறகுதான் பண்ணையாள் மிராசுதார் எதிரே நிமிர்ந்து நின்று பேசினான்.

மிராசுதார்களுக்கு இது நன்றாகத் தெரியும். கீழ்வெண்மணியில் கூலிநெல் உயர்த்திக் கேட்டபோது அவர்கள் வைத்த நிபந்தனை என்ன? செங்கொடியை இறக்கு, எங்கள் நெல் உற்பத்தியாளர் சங்கத்துக் கொடியை ஏற்று! தொழிலாளர்கள் மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, ஒரு குடிசைக்குள் ஒண்டியிருந்த பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

துணிதானே, இறக்கிவிட்டுப் போயிருக்கலாமே என்று சொல்லும் புத்திசாலிகள் இருக்கிறார்கள். கொடி இறங்கினால் கூடவே சங்கம் இறங்கும். சங்கம் இறங்கினால் கூலி இறங்கும். கடைசியில் தலையும் இறங்கும். அது மிராசுதாருக்கும் தெரிந்திருந்தது, பண்ணையாளுக்கும் தெரிந்திருந்தது.

மவுண்ட் ரோட்டு நீலுக்கும் வெண்மணிச் செங்கொடிக்கும் இருக்கும் பேதம் இதுதான். ஒன்று மேலே இருந்தவன் கீழே இருப்பவனை அடக்கி வைக்க நட்டது. மற்றது கீழே இருந்தவன் தலை நிமிர நட்டது. "இரண்டும் சின்னம்தானே, இரண்டும் சமம்தானே" என்று சொல்பவர்கள் சவுக்கையும் சவுக்கடி பட்ட முதுகையும் சமம் என்கிறார்கள்.

சட்டம் மட்டும் இதைத் தீர்த்துவிடாது என்பதையும் மறக்கக்கூடாது. 1932 ஜனவரி 26 விடிவதற்குள், ஆர்யா என்ற பாஷ்யம், புனித ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவர்ணக் கொடியைக் கட்டினார். அன்றைக்கு அது குற்றம். இன்றைக்கு அதே கோட்டையில் அந்தப் பரம்பரையில் வந்த தேசியக் கொடிக்கு மந்திரிகள் வணக்கம் செலுத்துகிறார்கள். 1923 மே 1ஆம் தேதி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்திச் செங்கொடியைக் காட்டியபோது, அதுவும் சர்க்கார் கண்ணுக்குச் சந்தேகத்துக்குரிய கொடிதான். இன்று மே தினம் சர்க்கார் விடுமுறை.

லெனின் சிலைக்கு வருவோம்

இனி வாலிபத் தோழரின் கேள்விக்கு நேராக வருகிறோம்.

2018 மார்ச் 3ஆம் தேதி திரிபுராத் தேர்தல் முடிவு வந்தது. இடது முன்னணி தோற்றது. மார்ச் 5ஆம் தேதி பெலோனியா நகரத்தில் புல்டோசரைக் கொண்டுவந்து லெனின் சிலையைச் சாய்த்தார்கள். புதிய மந்திரிசபை பதவிகூட ஏற்கவில்லை. எந்தச் சபையும் கூடவில்லை. எந்தத் தீர்மானமும் இல்லை. தோற்ற தேர்தலிலும் அந்த மாகாணத்தில் பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் இடதுசாரிகளுக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஜனங்களை வீட்டுக்குள் நடுங்க வைக்கத்தான் அந்த யந்திரம் வந்தது. மறுநாளே நம் திருப்பத்தூரில் பெரியார் சிலை சேதப்படுத்தப்பட்டது. அடுத்த வருஷம், 2019 ஆகஸ்டில், வேதாரண்யத்தில் பட்டப்பகலில் அம்பேத்கர் சிலை உடைக்கப்பட்டது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் பல ஊர்களில் அரசியல் சட்டம் எழுதிய மேதை இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார்.

நீல் சிலையை அடித்தவர்கள் ஆள்கிற வல்லரசை எதிர்த்து, வெளிச்சத்தில் நின்று, தண்டனையை ஏற்றுக்கொண்டார்கள். பெலோனியாவில் இடித்தவர்கள் வென்றவர்களின் பலத்தில், தோற்றவர்களை மிரட்ட இடித்தார்கள். பேதம் எங்கே என்று இப்போது தெரிகிறது அல்லவா?

ஆனால் நியாயம் என்பது நமக்கும் சேர்த்துத்தான். பெலோனியாவுக்குப் பழியாகக் கொல்கத்தாவில் சியாமா பிரசாத் முகர்ஜியின் சிலையைச் சிலர் சேதப்படுத்தினார்கள். அது தவறு. அவர் கொள்கையை எதிர்க்க நமக்கு வாய் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. இருட்டில் சுத்தியல் எடுப்பவன் தனக்குச் சொல்ல வார்த்தை இல்லை என்று ஒப்புக்கொள்கிறான்.

இன்னும் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் மறைத்தால் இந்த வகுப்பு எதற்கு?

ஹங்கேரியின் தலைநகரம் புடாபெஸ்டில் 1951இல் ஸ்டாலினுக்குப் பிரம்மாண்டமான சிலை வைத்தார்கள். 1956 அக்டோபர் 23ஆம் தேதி ஜனங்கள் கூடி அதைச் சாய்த்தார்கள். பீடத்தின்மேல் பூட்ஸ் மட்டும் மிஞ்சியது. அந்தக் கூட்டத்தில் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஆட்சி மாறிய பிறகு, மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின் சிலைகளையும் தெருக்களிலிருந்து எடுத்து, ஊருக்கு வெளியே ஒரு பூங்காவில் வைத்தார்கள். 1993இல் அது திறக்கப்பட்டது.

நமக்கு வலிக்கிறதா? வலிக்கிறது. ஆனால் நீல் சிலைக்கு நாம் வைத்த அளவுகோலை அங்கே மறைத்து வைக்க முடியாது. அந்த நகரத்து மக்கள் தங்கள் சபையில் முடிவு செய்து, உடைக்காமல் எடுத்து, இன்னொரு இடத்தில் வைத்தால், அதற்கு அவர்களுக்கு உரிமை இல்லை என்று தாம்பரத்திலிருந்து நாம் சொல்ல முடியாது. அவர்கள் எல்லோரும் துரோகிகள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். தொழிலாளியின் பெயரால் நட்ட சிலை தொழிலாளிக்கே பாரமானது எப்படி என்று யோசிப்பதுதான் கஷ்டம். ஜனங்களைக் கேட்காமல் நட்டால், ஜனங்கள் வாயைத் திறக்க அஞ்சும்படி ஆண்டால், எந்த நல்ல பெயரும் கல்லாகத்தான் நிற்கும். நம் வெண்மணிக் கொடியை யாரும் மேலேயிருந்து நடவில்லை. பண்ணையாளே நட்டான், அதனால்தான் 44 உயிர் போயும் அது சாயவில்லை. லெனின் நமக்கு ஆசான். அவரிடம் கற்றதை நாம் தினசரி வேலையில் காட்டினால்தான் அவர் ஜனங்கள் மனத்தில் நிற்பார். பீடம் எத்தனை அடி உயரம் என்பதில் ஒன்றும் இல்லை.

நம் கொடிக்கம்பம்

கடைசியாக நம் தெருவுக்கு வருவோம். 2025 ஜனவரி 27ஆம் தேதி சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி, பொது இடங்களில் உள்ள கட்சி, ஜாதி, மத அமைப்புகளின் நிரந்தரக் கொடிக்கம்பங்களை 12 வாரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். மார்ச் மாதம் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வும் அதை உறுதி செய்தது. கம்யூனிஸ்டுகள் எதிர்த்து வழக்காடினார்கள். விஷயம் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வின் முன் போயிற்று.

இதில் நம் நிலை என்ன? ஆலை வாசலில், ரயில்வே வொர்க்‌ஷாப் பக்கத்தில், சேரி முகப்பில் நிற்கும் செங்கொடிக் கம்பங்கள் காசு கொடுத்து வாங்கிய விளம்பரப் பலகைகள் அல்ல. பலவற்றின் அடியில் போலீஸ் தடியடியில் விழுந்தவர்களின் ரத்தம் இருக்கிறது. முதலாளிக்குச் சொந்தக் கட்டடம் உண்டு. அதன் உச்சியில் பெயர்ப்பலகை உண்டு. பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் உண்டு. கூலிக்காரனுக்குத் தெருமுனையைத் தவிர என்ன இருக்கிறது? சொந்த இடத்தில் நட்டுக்கொள் என்றால், சொந்த இடமே இல்லாதவன் எங்கே நடுவான்? எல்லாக் கம்பத்தையும் ஒரே வீச்சில் வெட்டினால் உள்ளவன் பேச்சு மட்டும்தான் ஊரில் கேட்கும். ஆகவே அந்த உத்தரவை நாம் எதிர்க்கிறோம்.

ஆனால் எதிர்ப்பதற்கு நம் கை சுத்தமாக இருக்க வேண்டும். நடைபாதையை மறித்துச் சிமெண்டு மேடை கட்டி, கர்ப்பிணிப் பெண்ணும் கண் தெரியாதவரும் சாலையில் இறங்கி நடக்கும்படி செய்தால், அது நம் கம்பமானாலும் தவறுதான். கோர்ட்டு சொல்லும் வரை காத்திருக்காமல் நாமே பத்தடி தள்ளி நட வேண்டும். மின்கம்பியை ஒட்டி இரும்புக் குழாயைத் தூக்கி நிறுத்தி ஒரு தோழரின் உயிருக்கு ஆபத்து தேடுவது வீரம் அல்ல. சாயம் போய்க் கிழிந்த கொடியை வருஷக்கணக்கில் தொங்கவிடுவது அதற்காகச் செத்தவர்களுக்கு அவமானம்.

அத்தோடு, நம் புறநகரிலும் வேறொரு வகைச் சின்னம் பரவுகிறது. ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு நிறம். கம்பத்தில், சுவரில், கடைசியில் நம் பிள்ளைகளின் மணிக்கட்டில்! 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு சர்க்கார் அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிக்கூடத்தில் ஜாதி காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று 2024இல் சிபாரிசு செய்தது. "கயிறுதானே" என்று சொல்லாதீர்கள். யார் கட்டினார்கள், எப்போது, எதிரே யார்? அதே மூன்று கேள்வியைக் கேளுங்கள். பக்கத்து பெஞ்சுப் பிள்ளையைத் தாழ்த்தக் கட்டிய கயிறு அது. முதலில் நம் வீட்டுப் பிள்ளையின் கையைப் பார்ப்போம். அங்கே கயிறு இருந்தால், அதட்டி அறுக்காமல், உட்காரவைத்துப் பேசி, அவனே அவிழ்க்கும்படி செய்வோம்.

நாம் செய்யக்கூடியது

வாலிபத் தோழருக்கு நம் பதிலைச் சுருக்கிச் சொல்கிறோம். "நமக்கு வேண்டியது, வேண்டாதது" என்பது அளவுகோல் அல்ல. ஜனங்களை மிதிக்க நட்டது தெருவில் கௌரவமாக நிற்கக் கூடாது. ஜனங்கள் நிமிர நட்டதை மிரட்டி இறக்க விடக் கூடாது. எதை எடுப்பதானாலும் பகலில், பேசி, பெயர் சொல்லி, ஜனங்களின் முடிவாக எடுக்க வேண்டும். எடுத்ததை அழிக்காமல், அது செய்த அக்கிரமத்தை எழுதிவைத்து, வரும் தலைமுறைக்குக் காட்ட வேண்டும். இந்த விதி எதிராளிக்கு மட்டும் அல்ல, நமக்கும்தான்.

நீல் சிலை இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கி நடந்தே போய்விடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவோம். பிள்ளைகள் இவன் யார் என்று கேட்பார்கள். அலகாபாத்தின் மரங்களைச் சொல்லுங்கள். கடலூர் அஞ்சலை அம்மாளையும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிறைக்குப் போன சிறுமியையும் சொல்லுங்கள். திரும்பி வரும்போது, நம் ஆலை வாசல் கொடிக்கம்பத்தின் அடியில் கொஞ்சம் நின்று, அதை நட்டவர்கள் யார் என்பதையும் சொல்லுங்கள். அது தெரியாத தோழர்கள் நம்மிலேயே பலர் இருக்கிறோம். மூத்த தோழர்களிடம் கேட்டு எழுதி வைப்போம். அடுத்த வகுப்புக்கு ஒவ்வொரு கிளையும் தன் கம்பத்தின் கதையை எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறோம்.